இரண்டு முறை சிமிட்டிய பிணம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. பக்கத்து வீட்டு பெரில் ஆஸ்க்வித்தை இங்கிலாந்தில் எங்கள் ஊரான லீட்ஸிலிருந்து ஸ்கார்பரோவுக்குக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததற்குக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ரயில் ஒழுங்காக ஓடியிருந்தால் இது வேறு யாருக்காவது போயிருக்கும். எழுபது தாண்டிய முன்னாள் நடிகை, கடலோர ஹோட்டல், பேய்ப்பட ரசிகர்களின் கூட்டம். இவ்வளவும் மடியில் வந்து விழுந்த பிறகும் எழுதாமலிருக்க நான் ஒன்றும் துறவி இல்லை.

பெரிலிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ. உன் பாஷையில எழுதினா எனக்கு என்ன தெரியப்போகுது" என்றார். ஆக, இதிலுள்ள பொய்களைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளால் இதைப் படிக்க முடியாது. எழுதுகிற ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

2

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். வேண்டாமென்று விட்டவற்றையும் இங்கேயே கிடத்துகிறேன். கூடத்தைப் பெருக்கிய பிறகுதான் விருந்தாளியை உள்ளே விடுவேன் என்கிற வீம்பெல்லாம் எனக்குக் கிடையாது.

(அ) "இருள் சூழ்ந்த அந்த மாளிகையின் படிக்கட்டில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். அவள் கண்கள் திறந்—"

பேய்க்கதைக்காரரின் வரி. மாளிகை என்பது சினிமாவுக்காகப் போட்ட ஒட்டுப்பலகை, இருள் என்பது மூலையில் அணைத்து வைத்த ஒரு விளக்கு. இரண்டும் எனக்குத் தெரிந்திருக்கும்போது உங்களைப் பயமுறுத்த மனசு வரவில்லை.

(ஆ) "கலையின் வரலாறு என்பது பிழைகளின் வரலாறே என்று கொண்டால்—"

சிறுபத்திரிகைக்காரரின் வரி. நானும் அந்த வழியாக வந்த ஆள்தான், அதனால் கை தானாகவே அங்கே போகிறது. தட்டி இழுத்துக்கொண்டேன்.

(இ) "பெரில் ஆஸ்க்வித்துக்குத் தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும்."

இதுதான் சரியான வரி. ஆனால் சரியான வரியில் தொடங்கினால் அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே படத்திலிருந்து தொடங்குகிறேன்.

3

படத்தின் பெயர் 'ஐந்து கோட்டுகள்'. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே இந்த மாதிரிப் படங்கள் வாராவாரம் வந்துகொண்டிருந்தன: ஒரு படத்துக்குள் சில குட்டிக் கதைகள், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு கயிறு. இந்தப் படத்தின் கயிறு, நாடகக் கொட்டகை வாசலில், பார்க்க வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் ஒரு கிழவர். நாடகம் முடிந்து ஐந்து பேர் வருகிறார்கள். கிழவர் ஆளுக்கொரு தவறான கோட்டைக் கொடுக்கிறார். மாட்டிக்கொண்டு போனவர்கள் அந்தந்தக் கோட்டாலேயே சாகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஐவரும் ஏற்கெனவே செத்தவர்கள். (முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். இந்த வகைப் படங்களில் எல்லோரும் எப்போதுமே ஏற்கெனவே செத்தவர்கள்தான்.)

மூன்றாவது கோட்டு பெரிலுடையது. நாடகப் பள்ளியை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்த பெண். ஒரே ஒரு வசனம்: "இது என்னோடது இல்லையே." அப்புறம் அந்த ரோமக் கோட்டு கழுத்தை நெரிக்கும், அவள் படிக்கட்டில் கண் திறந்தபடி செத்துக் கிடக்க வேண்டும். காமிரா காலிலிருந்து மெதுவாக ஏறி, முகத்துக்கு வந்து, கண்களில் நிற்கும்.

அந்தக் கண்கள் இரண்டு முறை சிமிட்டின.

படம் வந்தபோது யாரும் கவனிக்கவில்லை. கவனிக்கிற அளவுக்கு யாரும் பார்க்கவில்லை. பல வருஷம் கழித்து வீடியோ கேசட் வந்தது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பொத்தான் கைக்குக் கிடைத்ததும் மனித குலம் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பெரில் ஆஸ்க்வித்தின் இமைகளை ஆராய்ந்தது. செத்தவள் ஏன் சிமிட்டினாள்? அவள் சாகவே இல்லை என்றது ஒரு கட்சி. அவள் சாகவில்லை என்றால் கிழவர் பொய் சொல்கிறார். கிழவர் பொய் சொன்னால் ஐவரும் உயிரோடு இருக்கிறார்கள். அப்படியானால் செத்தது கிழவர்தான். இல்லை, சிமிட்டியது அவளே இல்லை, கோட்டுதான் அவள் இமைகளைப் பிடித்து ஆட்டியது என்றது எதிர்க்கட்சி. இரு கட்சியிலிருந்தும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, இதே காரணத்துக்காகப் பிரிந்தவர்களும் உண்டாம்.

இப்படித்தான், யாருமே பார்க்காத ஒரு படத்துக்கு வெறிபிடித்த ரசிகர்கள் வந்து சேர்ந்தார்கள்.

4

நடந்தது இதுதான்.

ஸ்டூடியோவில் பிற்பகல் தேநீர் என்பது உபசாரம் அல்ல, தொழிற்சங்கம் பேசி வாங்கிய உரிமை. தேநீர் வண்டி உள்ளே வந்தால் விளக்குகள் அணையும். அதற்கப்புறம் இயக்குநர் மண்டியிட்டாலும் இடைவேளை முடியும்வரை எரியாது. அன்றைக்கு அந்தப் படிக்கட்டைச் சாயங்காலத்துக்குள் பிரித்தாக வேண்டும். அடுத்த படத்துக்காக அங்கே ஒரு பள்ளிக்கூடம் முளைக்க இருந்தது. பாக்கி இருந்தது பிணத்தின் ஷாட் ஒன்றுதான். இது முடிகிறவரை வண்டியை வெளியே நிறுத்தி வைக்கும்படி, தேநீர் கொடுக்கும் ஆலிவ் ட்ரான்டருக்கு இயக்குநர் ஆள் அனுப்பினார்.

ஆலிவ் வண்டியை நிறுத்தினார். தன்னை நிறுத்திக்கொள்ளவில்லை. ஷாட் நீண்டால் இடைவேளை குறையும், இடைவேளை குறைந்தால் ஆட்கள் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார்கள், பழி அவர் தலையில் விழும். யார் யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று முன்னாலேயே தெரிந்துகொண்டால் கலக்கி வைத்துவிடலாம் அல்லவா? ஒலி பதிவு இல்லாத ஷாட் என்பதால் பேசினாலும் கெடுதல் இல்லை. பழைய ஆட்களின் கணக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதுசு ஒருத்திதான். காமிராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, படிக்கட்டில் கிடந்த பிணத்திடம் கேட்டார்.

"உனக்கு எத்தன சர்க்கரை, கண்ணு?"

பெரில், லீட்ஸுக்குப் பக்கத்திலுள்ள ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரி. தேநீர் தருகிறவரைப் பதிலுக்குக் காக்க வைப்பது அவள் வளர்ந்த வீட்டில் பெரிய அவமரியாதை; வாயில் சோறு இருந்தாலும் விழுங்கிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். தான் செத்திருப்பது அவளுக்கு நினைவில் இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை, தலையை அசைக்கவில்லை. பள்ளியில் கற்றுக்கொண்ட கட்டுப்பாடு முழுவதையும் திரட்டி, இரண்டு முறை சிமிட்டினாள்.

ஆலிவ் தலையாட்டிவிட்டுப் போனார். தேநீர் சரியாக இருந்தது என்று பெரில் இன்றைக்கும் சொல்கிறார்.

* உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: காமிராக்காரர் கவனிக்கவில்லையா? கவனித்தார். அவரும் தேநீருக்காகத்தான் காத்திருந்தார்.

5

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிடலாம். நல்ல நகைச்சுவைத் துணுக்கு, வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம். ஆனால் பெரிலுக்கு இது துணுக்கு இல்லை.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது இயக்குநர் அவளை ஒன்றும் திட்டவில்லை. படிக்கட்டைப் பிரித்தாயிற்று, மறுபடி எடுக்க வழியில்லை, யார் கவனிக்கப்போகிறார்கள் என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரோ, அவருக்குத் தெரிந்தவர்களோ அவளைக் கூப்பிடவில்லை. பெரில் மேடைக்குப் போனார். ஊர் ஊராக நாடகம்: ராணி, வேலைக்காரி, தாதி, மூன்று விதமான விதவைகள். ஹல் நகரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க, மகனைப் போரில் பறிகொடுத்த தாயாக நடித்தார். திரை விழுந்த பிறகும் சபையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம், கைதட்டக்கூட மறந்துபோய் உட்கார்ந்திருந்தார்களாம். இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் முதல் தடவை கேட்பது மாதிரி கேட்டேன், ஏனென்றால் கேட்க வேறு ஆள் இல்லை.

மேடை நடிப்பு எங்கேயும் தங்குவதில்லை. அந்தத் தாய் ஹல்லோடு போய்விட்டாள். ராணியும் தாதியும் விதவைகளும் போய்விட்டார்கள். பெரில் ஆஸ்க்வித் இந்த உலகத்தில் நடித்தார் என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி, அவர் சொதப்பிய அந்த ஷாட். தெருவில் யாராவது நிறுத்தினால், நிறுத்தியவர் கண்ணைச் சிமிட்டிக் காட்டுவார். அப்போதெல்லாம் பெரிலுக்கு உடம்பு கூசும். ஒரு வேலையை வாழ்நாள் முழுக்க ஒழுங்காகச் செய்துவிட்டு, ஒழுங்காகச் செய்யாத ஒரு நாளுக்காகப் பாராட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திட்டு வாங்கினால்கூடத் தேவலை.

6

இனி டாம்சின். இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்.

பழைய படங்களைச் செப்பனிடுகிற வேலை அவளுடையது. முதல் பிரதியில் அவளை வில்லியாக எழுதினேன்: தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, ஈரமில்லாத குரல், எதைக் கண்டாலும் துடைத்துவிடத் துடிக்கும் விர— அடித்துவிட்டேன். நேரில் பார்த்தபோது கடற்காற்று ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மூக்கு ஒழுகும் ஆளை வில்லியாக்குவது லேசான காரியம் இல்லை.

அவள்தான் பெரிலுக்குப் போன் செய்தவள். 'ஐந்து கோட்டுகள்' புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளியாகப் போகிறது. கீறல், தூசு, ஓரத்தில் தெரியும் மைக்கின் நிழல் எல்லாவற்றையும் கணினியால் எடுத்துவிடுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு விதி: படம் எடுத்தவர்கள் வேண்டுமென்று செய்தது இருக்கும், தவறி நடந்தது போகும். இந்தச் சிமிட்டல் எந்தப் பக்கம் என்று சொல்ல, அந்தத் தளத்தில் இருந்தவர்களில் பெரில் ஒருவர்தான் இன்று உயிரோடு இருக்கிறார்.

"தவறுன்னு சொன்னா எடுத்திடுவீங்களா?" என்று பெரில் கேட்டார்.

"தடயமே இருக்காது" என்றாள் டாம்சின்.

வாரக்கடைசியில் ரசிகர்கள் ஸ்கார்பரோவில் கூடுகிறார்கள், டாம்சினும் வருகிறாள். அங்கேயே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி, அந்த இரண்டு சிமிட்டலையும் தலைமுழுகிவிடுவது என்று பெரில் முடிவு செய்தார். காரில் போகும்போது வழி நெடுக ஒத்திகை பார்த்தார். எந்த வரியில் மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது எல்லாம் திட்டம் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

7

ஹோட்டல் கூடத்தில் பாதிப் பேர் ரோமக் கோட்டு போட்டிருந்தார்கள். வெளியே நல்ல வெயில். வியர்வை வழிய, விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பக்திக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. ரசிகர் சங்கத்தின் தலைவர் க்ளைவ், தபால்காரர். அவருடைய ஒரு முன்கையில் திறந்த கண்ணும் மறு முன்கையில் மூடிய கண்ணும் பச்சை குத்தியிருந்தன. அவர்தான் பெரிலிடம் மைக்கைக் கொடுத்தார்.

பெரில் எழுந்து நின்று சொன்னார். வண்டி, விளக்கு, ஆலிவ், சர்க்கரை, எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தான் செய்தது நடிப்பே இல்லை, வளர்ப்பு என்றார். ஹல்லில் அந்தத் தாயாக நின்றதற்கு அப்புறம் அவர் ஒரு சபையை அப்படிக் கட்டிப்போட்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

பிறகு கூடமே சிரித்தது, எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர்கூட நம்பவில்லை.

க்ளைவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதான் மிஸ் ஆஸ்க்வித். நம்ம ஊர் ஆளுங்களுக்குத் தம்பட்டம் அடிச்சுக்கத் தெரியாது. இவ்ளோ பெரிய காரியத்தப் பண்ணிட்டு, டீன்னு சொல்றாங்க பாருங்க" என்றார்.

இல்லையப்பா, நிஜமாகவே தேநீர்தான் என்று பெரில் மன்றாடினார். கைதட்டல் கூடியது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, அந்த ஆலிவின் பெயர் படத்தில் எங்கேயும் வராததால், அவர்தான் ஆறாவது கோட்டா என்று கேட்டாள். கூடம் மூச்சை இழுத்துப் பிடித்தது. தேநீர் இடைவேளைக்குள் ஆறாவது கோட்டுக் கட்சி பிறந்துவிட்டது. (உண்மையைச் சொன்னால் விடுதலை கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.)

கூட்டம் கலைந்த பிறகு க்ளைவ் தனியாக அவர் அருகில் வந்தார். "எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. எங்க வீட்ல யாரும் யார் முகத்தையும் பாத்துப் பேச மாட்டாங்க. டீவில நீங்க சிமிட்டினீங்க. என்னைப் பாத்துதான்னு நெனச்சேன்" என்றார். பெரிலுக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. அந்த மனிதரின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

8

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. டாம்சின் கணினியை மேசைமேல் திறந்து வைத்திருந்தாள். பெரில் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"நான் நம்பறேன்" என்றாள் டாம்சின், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மாசக்கணக்கா உங்க முகத்தத்தான் பாத்துட்டிருக்கேன், பெரில். உங்க கண்ணு, காமிராவுக்குப் பக்கத்துல யாரையோ பாக்குது. அவங்க பேசி முடிக்கறவரைக்கும் மரியாதையா காத்திருக்கு. அப்புறம்தான் சிமிட்டுது. பேயப் பாத்தவங்க கண்ணு அப்படி இருக்காது."

ஆக, ஊர் நம்பாதது பெரிய விஷயமில்லை. நம்ப வேண்டியவள் நம்பிவிட்டாள். இரண்டு விதமாகவும் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும். ஒன்றை அனுப்பியதும் மற்றது கிடையாது.

"அழிச்சிடட்டுமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் பெரில் அவ்வளவு தூரம் வந்திருந்தார். வாய்வரை வந்தது.

"அழிச்சா அங்க என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இருக்காது. நீங்க செத்துக் கிடப்பீங்க. சுத்தமா."

9

இங்கே உங்களுக்கு முடிவுகள் சில எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில், அழி என்கிறார். படம் வெளியாகிறது. ரசிகர்கள் கொடி பிடிக்கிறார்கள், க்ளைவ் பச்சை குத்தியதைச் சுரண்டி எடுக்கப் போகிறார், பெரில் நிம்மதியாக— இல்லை. நிம்மதி என்ற சொல்லை எழுதியதுமே அவர் வீட்டு ஜன்னல் எனக்குத் தெரிந்தது. அங்கே எப்போதும் ஒரே ஒரு விளக்கு.

இரண்டாவதில், இருக்கட்டும் என்கிறார். தன் பிழையை அணைத்துக்கொள்கிறார், கடலைப் பார்க்கிறார். சாக்லேட் டப்பாவின் மூடியில் ஒட்ட ஏற்ற முடிவு. ஹல் நகரத்துத் தாயை என்ன செய்வது என்று அதில் யாரும் கேட்பதில்லை.

மூன்றாவதில், பெரில் ஒன்றும் பேசாமல் டாம்சினைப் பார்த்து இரண்டு முறை சிமிட்டுகிறார். இதற்கு நீங்கள் கைதட்டுவீர்கள். அதனாலேயே அடித்துவிட்டேன்.

நான் பார்த்தவரை நடந்தது இவ்வளவு. இரண்டையும் போட்டுக் காட்டச் சொன்னார். முதலில் சுத்தமான பிணம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொழில் தெரிந்தவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். பள்ளியில் சொல்லிக்கொடுத்தது இதுதான், அன்றைக்கு இப்படித்தான் கிடந்திருக்க வேண்டும் என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. பிறகு, "நல்ல பொணம். யாரு வேணா இருக்கலாம்" என்றார்.

அப்புறம் பழையது. காமிரா ஏறியது, கண்களில் நின்றது. சிமிட்டல் முடிந்த பிறகும் பெரில் திரையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"பாரேன், எவ்ளோ சின்னப் பொண்ணு" என்றார். "காலைலேருந்து ஒண்ணுமே குடிக்கல. படிக்கட்டு முதுகுல குத்துது. அந்தம்மா ஒருத்தங்கதான் அன்னிக்கி அவகிட்ட வந்து ஏதாவது வேணுமான்னு கேட்டாங்க."

அவர் அழுதார். சத்தமில்லாமல், மூக்கு நுனி சிவக்க. டாம்சின் தன் கைக்குட்டையைக் கொடுக்கப் பார்த்து, அது இருந்த நிலையை நினைத்து, திரும்ப வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெரிலுக்கு என் ஞாபகம் வந்தது. கதவருகில் நான் நின்ற நிலை அவருக்குப் பிடிக்கவில்லை. "நீ போய்க் காரை எடு. இல்லன்னா இதையும் எழுதிடுவ" என்றார். போனேன். எனக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திரும்பும் வழியில் அவர் பேசியதெல்லாம் மழையைப் பற்றியும், எதிர்வீட்டு நாயைப் பற்றியும். நானும் கேட்கவில்லை. படம் இன்னும் வெளியாகவில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள்: வெளியே போகச் சொன்னது என்னைத்தான். உங்களை இல்லை. நீங்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள். டாம்சினின் விரல் பொத்தான் மேல் இருக்கிறது. திரையில் அந்தப் பெண் கண் திறந்தபடி கிடக்கிறாள். பெரில் ஆஸ்க்வித் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சிவந்த கண்களோடு, என்ன செய்யலாம் என்று உங்களைக் கேட்கிறார்.

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.